ஜெயிச்சவன் எழும்பட்டும்

மார்த்தாண்டம், குழித்துறை, வெட்டுவெந்நி, பம்மம், உண்ணாமலைக்கடை பக்கங்களில் ஒரே வீட்டில் கூடி, ஒரே பெட்டியில், மாறி மாறி கேம் ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மக்களே,

பரீட்சை முடிந்தாயிற்று. கல்ஃபிலிருந்து வந்த மாமா கொண்டுவந்ததோ, நாலு வீட்டில் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்த பைசாவில் வாங்கியதோ, பிளேஸ்டேஷன் வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது பாலத்துக்கு அடியில் கண்டாலும் கேட்கிறீர்கள், சாயாக்கடையில் கண்டாலும் கேட்கிறீர்கள்: "அண்ணே, சண்டை கேம் எது வாங்கணும்? கதை கேம் எது கொள்ளாம்?" தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். யூடியூபில் பத்துக்கு ஒன்பது, பத்துக்கு எட்டு என்று மார்க் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் தனி அறையில், தனிப் பெட்டியில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுகிறவர்கள். உங்கள் நிலைமை வேறு. ஒரு டிவி, ஒரு பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், நாலு பேர். பக்கத்தில் ஒரு தங்கை "எனக்கு எப்ப தருவீங்க" என்று நிற்கிறாள். அடுக்களையிலிருந்து அம்மா சத்தம் போடுகிறார். இந்த ஹாலுக்கு ஏற்ற கேம் எது என்பதுதான் கேள்வி. உலகமே கொண்டாடும் கேம் கூட உங்கள் ஹாலில் தோற்றுப்போகலாம்.

பைசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் போட முடியாதது 39,990. அதன்பிறகு விலை கூடிவிட்டது. இன்னும் வாங்காதவர்கள் இருந்தால், பத்தாயிரம் மிச்சம் என்று டிஸ்க் இல்லாததை வாங்காதீர்கள். புதுக் கேம் ஒன்று 5,000 ரூபாயை ஒட்டி விற்கிறது. டிஸ்க்காக இருந்தால் ஆடி முடித்து விற்கலாம், அடுத்த தெருப் பையனோடு மாற்றிக்கொள்ளலாம். நெட்டில் இறக்கியதை யாருக்கு விற்பது? பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் பெரும்பாலும் 5 இலும் ஓடும். செகண்ட் ஹேண்டில் அவைதான் மலிவு.

இனி சண்டை கேம். உங்களில் பாதிப் பேருக்கு டெக்கன்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். டெக்கன் 3 பிளேஸ்டேஷனுக்கு வந்தது 1998 இல். அந்தத் தலைமுறைப் பையன்கள் எல்லாரும் எடி கோர்டோவை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சவுட்டுப் பட்டன் இரண்டையும் மாறி மாறித் தட்டி ஜெயித்தவர்கள். அந்தப் பாவம் இன்றும் தொலையவில்லை. டெக்கன் 8 இல் எடி முதலில் கிடையாது. 2024 இல் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் வீரனாக அவனையே முதலில் கொண்டுவந்தார்கள். எதை விற்றால் போகும் என்று கம்பெனிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது.

டெக்கனின் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. நாலு பட்டன்: இடது கை, வலது கை, இடது கால், வலது கால். உடம்பைப் பட்டனில் பிரித்து வைத்தாயிற்று, அவ்வளவுதான். முதல்முறை கன்ட்ரோலரைத் தொடும் பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8 இல் 'ஹீட்' என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் உன் ஆள் கொதித்துக்கொண்டிருப்பான், அவன் அடியை எதிராளி தடுத்தாலும் சிறிது உயிர் குறையும். பார்க்கப் படுஜோர். ஆனால் என் கட்சி, இதில் அடிக்கிறவனுக்கு இடம் கொடுத்த அளவு தடுக்கிறவனுக்குக் கொடுக்கவில்லை. 2025 ஏப்ரலில் வந்த மாற்றங்கள் அதை இன்னும் கூட்டின. பெரிய பெரிய ஆட்டக்காரர்களே கொதித்துப் போனார்கள். புதிதாகக் கற்கிறவன் முதலில் கற்க வேண்டியது தடுப்பது. அதை வீண் என்று நினைக்க வைக்கும் கேமில் தொடங்க வேண்டாம். டெக்கன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் டெக்கன் 7 பழைய டிஸ்க்கை வாங்குங்கள்.

புது டிஸ்க் ஒன்றுக்குத்தான் பைசா இருக்கிறது என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. 2023 ஜூனில் வந்தது. இரண்டு காரணங்கள். ஒன்று, இதில் 'மாடர்ன்', 'கிளாசிக்' என்று ஆடும் முறைகள் உண்டு. கிளாசிக்கில் கால்வட்டம் சுற்றி, குத்துப் பட்டன் அமுக்கினால்தான் தீப்பந்து வரும். மாடர்னில் ஒரே பட்டன். அப்படி ஒரே பட்டனில் வரும் அடிக்கு வலு ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதுதான் அதற்கான விலை. ஆக, மூன்று வருடமாக ஆடும் அண்ணன் கிளாசிக்கிலும், நேற்றுத் தொட்ட தங்கை மாடர்னிலும் ஒரே மேடையில் மோதலாம். தங்கை ஜெயிக்கவும் செய்வாள். "அது கள்ளக்களி" என்று அண்ணன் சொல்வான். அல்ல. பெரிய போட்டிகளிலேயே மாடர்னில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், இந்த ஒரே டிஸ்க்குக்குள் ஒரு கதை கேமும் இருக்கிறது. 'வேர்ல்ட் டூர்' என்ற பகுதியில் உனக்குப் பிடித்த முகத்தோடு ஒரு ஆளைச் செய்து, ஊர் சுற்றி, ஆசான்களைத் தேடிப் போய் ஒவ்வொருவரிடமும் வித்தை கற்க வேண்டும். லெவல் ஏறும், உடுப்பு மாறும், ரியூவின் தீப்பந்தையும் சுன் லீயின் சவுட்டையும் ஒரே உடம்பில் கலக்கலாம். தெருவில் போகிறவர்கள் பெரும்பாலானோரிடம் மல்லுக்கு நிற்கலாம். தலையில் அட்டைப்பெட்டி கவிழ்த்த ரவுடிக் கூட்டம் ஒன்று வேறு அலைகிறது. தொடக்கம் இழுவைதான், கதையும் பெரிய கதை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆசானும் ஒரு பாடத்தைச் சத்தமில்லாமல் கையில் ஏற்றிவிடுகிறார். பயிற்சி அறைக்குள் போகச் சொன்னால் போகாத பையன்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

அந்த ஆசான்களில் ஒருவர் நம் தல்சிம். 1991 இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 முதல் இருக்கிறார். கழுத்தில் மண்டையோட்டு மாலை, கை காலை ரப்பர்போல நீட்டி அடிப்பார், வாயால் தீ ஊதுவார். பழைய கேமில் அவர் மேடைக்குப் பின்னால் யானைகள் வரிசையாக நிற்கும். ஜப்பான்காரன் கண்ணில் நாம் எப்படித் தெரிந்தோம் என்பதற்கு அது சாட்சி. அவர் கேரளத்துக்காரர் என்று ஆட்டக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அப்படியானால் களியக்காவிளை தாண்டினால் அவர் வீடு. எடுத்து ஆடுவதற்கு எளிய ஆள் இல்லை, முதல் மாதம் தொடாதீர்கள்.

மார்ட்டல் காம்பாட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1992 இல் தொடங்கிய கேம். அதிலுள்ள இரத்தத்தைக் கண்டு அமெரிக்க செனட்டில் விசாரணையே நடந்து, 1994 இல் கேம்களுக்கு வயது முத்திரை குத்தும் அமைப்பு உருவானது. 2023 இல் வந்த பதிப்பும் 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத்தான். சின்னப் பிள்ளைகள் உட்காரும் ஹாலில் வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

உங்கள் வீடுகளில் எல்லாம் ஒரே சட்டம்தான்: தோத்தவன் எழும்பணும். காசு போட்டு ஆடும் கடைகளிலிருந்து வந்த சட்டம் அது. கடைக்காரனுக்கு அதில் லாபம் உண்டு, தோற்கத் தோற்கக் காசு விழும். உங்கள் ஹாலில் யாருக்கு லாபம்? நன்றாக ஆடத் தெரிந்தவன் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். ஆடத் தெரியாதவன் அரை மணி நேரம் காத்திருந்து, ஒன்றரை நிமிடம் ஆடி, எழும்பிப் போகிறான். பழக்கம் அதிகம் தேவைப்படுகிறவனுக்குப் பழக்கம் மிகக் குறைவு. ஒரு மாதத்தில் அவன் வருவதை நிறுத்துவான். பிறகு ஜெயித்தவன் யாரோடு ஆடுவான்?

மாற்றிப் போடுங்கள். ஜெயித்தவன் எழும்பட்டும், தோற்றவன் இருக்கட்டும். அல்லது முதலில் மூன்று ஆட்டம் ஜெயிக்கும்வரை ஒரே ஜோடி. முடிந்ததும் இரண்டு பேரும் எழும்பி, அடுத்த ஜோடி. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. முதல் ஆட்டத்தில் விழுந்த அடி எப்படி விழுந்தது என்று யோசித்து, இரண்டாவதில் அதைத் தடுத்துப் பார்க்க நேரம் கிடைக்கும். சண்டை கேமின் முழு ருசியும் அந்த இரண்டாவது ஆட்டத்தில்தான் இருக்கிறது.

இது நல்லெண்ணப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். லாகூரைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் 'ஈவோ ஜப்பான்' போட்டி. டெக்கன் 7 என்றால் கொரியா, ஜப்பான் என்றுதான் அதுவரை பேச்சு. விசாவிலும் விமானத்திலும் சிக்கிச் சீரழிந்து பாகிஸ்தானின் லாகூரிலிருந்து ஒரு பையன் வந்து இறங்கினான். அர்ஸ்லான் சித்திக், கேம் உலகில் அர்ஸ்லான் ஆஷ். அதிகம் பேர் கேள்விப்படாத அந்தப் பெயர்தான் கடைசியில் கோப்பையில் ஏறியது. எங்கள் நாட்டில் என்னைப்போல் கெட்டிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அவன் சொன்னபோது பலர் அதைப் பெருமைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டார்கள். அதே ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவிலும் கொரியாவின் பெரிய கை, 'நீ' என்ற பெயரில் ஆடும் பே ஜே-மின்னைத் தோற்கடித்தான். அந்த 'நீ' பிறகு என்ன செய்தார் தெரியுமா? தானே பாகிஸ்தானுக்கு விமானம் ஏறிப் போய், அந்தப் பையன்களோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். அர்ஸ்லான் சொன்னது பெருமைப் பேச்சு இல்லை. 2023 இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த டெக்கன் உலகச் சுற்றின் இறுதிப்போட்டியை ஜெயித்தவனும் பாகிஸ்தான்காரன்தான், அதிஃப் பட். அர்ஸ்லான் 2023 இலும் 2024 இலும் லாஸ் வேகாஸில் மறுபடி ஜெயித்தான்.

ஸ்பான்சரும் கோச்சும் இல்லாமல் வளர்ந்தவர்கள் அவர்கள். இருந்தது, ஒரே இடத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து, நாள் கணக்காக ஒருவரை ஒருவர் அடித்து, அடித்ததைப் பேசித் தீர்த்த ஒரு கூட்டம். நெட் வழியாக ஆடும்போது அடி விழுவதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையே ஒரு தாமதம் ஒட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஆடினால் அது கிடையாது. அந்த வகையில் உங்கள் ஹால் லாகூருக்குக் குறைந்தது இல்லை.

ஒன்றில் மட்டும் நம் ஊர் வழக்கத்தை விட வேண்டியிருக்கும். இது அடிமுறையும் வர்மமும் விளைந்த மண். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆசான்மார் சுவடு வைக்கக் கற்றுத் தருவார்கள், அடியும் தடையும் பிடியும் பூட்டும் தருவார்கள். வர்மம் 108 என்றும், படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் கணக்கு. ஆனால் கடைசி வித்தையை மட்டும் ஆசான் சிஷ்யனுக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆளைக் கொல்லும் வித்தையை மறைத்ததில் ஒரு நியாயம் உண்டு. கேமில் அது செல்லாது. உங்களில் ஒருவன் ஒரு கோம்போவைக் கண்டுபிடித்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் இரண்டு வாரம் ஜெயித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வாரமும் அவன் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை, தேவையே வரவில்லையே. சொல்லிக் கொடுத்திருந்தால் மூன்றாம் நாளே மற்றவன் தடுத்திருப்பான், இவனும் அடுத்ததைத் தேடியிருப்பான். ஜெயித்து எழும்புகிறவன் எப்படி ஜெயித்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். அதுவும் சட்டத்தில் சேரட்டும்.

கோம்போ என்றதும் ஒன்று சொல்லலாம். தொடர்ந்து விழும் அந்த அடி வரிசையை ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 செய்தவர்கள் திட்டமிட்டு வைக்கவில்லை. சோதித்துப் பார்க்கும்போது ஒரு அடி முடியுமுன் அடுத்த அடி நுழைவதைக் கண்டார்கள். கோளாறுதான். போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இன்று கோம்போ இல்லாமல் சண்டை கேம் ஏது?

சரி, கைக்குறிப்புகள். சண்டை கேமில் ஒரு நொடி 60 துண்டு. ஒவ்வொரு துண்டும் ஒரு ஃப்ரேம். டெக்கனில் வேகமான குத்து 10 ஃப்ரேமில் விழும், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இல் 4 ஃப்ரேமில். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அமுக்க மனிதனுக்கு ஏறக்குறைய கால் நொடி, அதாவது 15 ஃப்ரேம் வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வேகமான குத்தைப் பார்த்துத் தடுப்பது நடக்காத காரியம். எதிராளி இப்போது என்ன செய்வான் என்று முன்கூட்டியே நினைத்துத்தான் தடுக்க முடியும். பார்த்துத் தடுக்கக் கூடியவை மெதுவான கீழ் அடிகள், மேலிருந்து குதித்து வருவது, பெரிய சுழற்று அடி. இவற்றை மட்டும் பார்த்துத் தடுக்கப் பழகினாலே பாதி கிணறு தாண்டியாயிற்று.

அடுத்தது, தடுத்த பிறகு யார் முறை என்பது. உன் பெரிய அடியை அவன் தடுத்துவிட்டால் உன் கை திரும்பி வர நேரமாகும். அதற்குள் அவனுக்கு ஒரு இலவச அடி. பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கிறவர்கள் இதை அறியமாட்டார்கள். தன் முறை இல்லாதபோதும் தட்டி, அடிவாங்கி, "கன்ட்ரோலர் சரியில்லை" என்பார்கள். பயிற்சி அறையில் இந்த ஃப்ரேம் கணக்கைத் திரையிலேயே காட்டும் வசதி டெக்கன் 8 இலும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இலும் உண்டு. உன் ஆளின் மிக வேகமான ஒரே ஒரு அடியைத் தெரிந்து வைத்துக்கொள், தடுத்ததும் அதையே போடு. எடியைத் தட்டுகிறவனுக்கு மருந்தும் இதுதான். கீழே தட்டி வரும் அவன் சவுட்டைக் குனிந்து தடுத்தால் அவன் எழும்புமுன் நீ தூக்கலாம். தடுக்காமல் திருப்பித் தட்டினால் அவன்தான் ஜெயிப்பான்.

டெக்கனில் ஒன்றும் அமுக்காமல் நின்றாலே மேல் அடியும் நடு அடியும் தடுக்கப்படும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் பின்பக்கம் அமுக்கிப் பிடித்தால்தான் தடை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர்கள் முதல் நாள் வாங்கும் உதை எல்லாம் இதனால்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இல் ஆறு கட்டமாக ஒரு பச்சைக் கோடு இருக்கும். பல வித்தைகளுக்கு அதிலிருந்துதான் செலவு. அது முழுக்கத் தீர்ந்தால் ஆள் சாம்பல் நிறமாகி, கொஞ்ச நேரம் கை கட்டிப்போட்ட மாதிரி. உயிர்க்கோட்டைப் பார்க்கிற அளவுக்கு அதையும் பாருங்கள். எதிராளி சாயம் தெறிக்கப் பாய்ந்து வந்தால் பயப்படாமல் அதே வித்தையைத் திருப்பிப் போடுங்கள், அவன்தான் விழுவான். குதித்துக் குதித்து வருகிறவனை மேல்நோக்கிய குத்தால் மூன்று முறை இறக்கிவிட்டால் நாலாவது முறை குதிக்கமாட்டான்.

கன்ட்ரோலரில் உருளும் குச்சியைவிட அம்புக்குறிப் பட்டன்தான் சண்டை கேமுக்குக் கச்சிதம். டிவியில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், தேடிப் போடுங்கள். அது இல்லாமல் படத்தை மெருகேற்றிக் காட்ட டிவி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் உங்கள் நாலைந்து ஃப்ரேம் போய்விடும். நேந்திரங்காய் சிப்ஸ் தின்ற கையோடு கன்ட்ரோலரைத் தொடுகிறவனுக்கு அன்று ஆட்டம் கிடையாது.

ஒரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். நாலு பேரே ஆடிக்கொண்டிருந்தால் நாலு பேரின் பழக்கத்தைத்தான் படிப்பீர்கள், கேமைப் படிக்கமாட்டீர்கள். "அவன் விழுந்து எழும்பும்போது எப்பவும் சவுட்டுவான்" என்பது அவனைப் பற்றிய அறிவு. அருமனையிலிருந்தோ கருங்கலிலிருந்தோ வேறு கூட்டம் வந்தால் உங்கள் ராஜா அரை மணி நேரத்தில் ஆண்டியாகிவிடுவான். வாரம் ஒருமுறை ஆளை மாற்றி எடுங்கள், வெளியூர்ப் பையன்களைக் கூப்பிடுங்கள். டெக்கன் 8 வைத்திருப்பவர்கள் பழைய ஆட்டத்தை ஓட்டிப் பார்க்கும் பகுதியைத் தவறாமல் பயன்படுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நீங்கள் கையில் எடுத்து, அந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று ஆடிப் பார்க்கலாம். அந்த கேமில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

கதை கேமுக்கு வருவோம். ஆர்பிஜி என்றால் ஒருவன் ஆட, மூன்று பேர் கொட்டாவி விடுவதுதானே என்கிறீர்கள். எந்த வகை என்பதைப் பொறுத்தது. முறை வைத்து ஆடும் ஆர்பிஜியில் நீ பட்டன் அமுக்கும்வரை எதிரி காத்திருப்பான். அந்த இடைவெளியில் நாலு பேரும் சண்டை போடலாம்: மருந்து கொடுப்பதா, நெருப்பு வைப்பதா, ஓடிவிடுவதா. 1986 இல் வந்த டிராகன் குவெஸ்ட் முதல் ஜப்பான்காரர்கள் வளர்த்த இந்த வகை கூட்டத்துக்கு ஏற்றது.

பெர்சோனா 5 ராயலை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் ஒரு பள்ளிக்கூடப் பையன். பகலில் வகுப்பு, மாலையில் கெட்ட மனிதர்களின் மனசுக்குள் புகுந்து திருட்டு. நாள்காட்டி ஒவ்வொரு நாளாக நகரும், ஒரு நாளில் செய்ய முடிவது இரண்டு காரியம்தான். நூறு மணி நேரத்துக்குக் குறையாது, இரண்டு மாத விடுமுறைக்குக் கணக்காக வரும். வேடிக்கை என்னவென்றால் அதற்குள்ளும் பரீட்சை வரும், வாத்தியார் கேள்வி கேட்பார். பேச்சு மிக அதிகம், எல்லாம் இங்கிலீஷ். ஒருவன் வாசித்து மற்றவர்களுக்கு நம்மூர்ப் பேச்சில் சொல்லட்டும். என் அனுபவத்தில் வில்லன்கள் நம்மூர்ப் பேச்சில் இன்னும் நன்றாகத் திட்டுகிறார்கள். சண்டையில் எதிரிக்கு எது ஆகாது என்று கண்டுபிடித்து அதால் அடித்தால் அவன் விழுவான், எல்லாரும் விழுந்தால் கூட்டமாகச் சேர்ந்து மொத்தலாம். புதியவர்கள் செய்யும் தப்பு, அடி அடி என்று அடிப்பது. நம் பலத்தை ஏற்றி, எதிரியின் பலத்தை இறக்கும் மந்திரங்களை வீண் என்று நினைக்காதீர்கள், பெரிய எதிரிகள் எல்லாம் அதில்தான் விழுவார்கள்.

அதில் சிவனும் விஷ்ணுவும் காளியும் வருவார்கள், திடுக்கிட வேண்டாம். ரங்டா, பரோங் என்ற பாலித் தீவுத் தெய்வங்கள் இரண்டையும் கலந்தால் சிவன் கிடைப்பார்! ஃபைனல் ஃபேண்டஸியில் சிவா என்றால் பனிக்கட்டி வீசும் பெண். பெர்சோனா செய்த அதே அட்லஸ் நிறுவனம் 2004 இல் பிளேஸ்டேஷன் 2 க்குச் செய்த டிஜிட்டல் டெவில் சாகாவில் அக்னி, வாயு, பிருதிவி என்று உருமாறுகிறார்கள், வித்தை படிப்பதற்கு மந்திரம் என்றே பெயர், போய்ச் சேர வேண்டிய இடம் நிர்வாணம். நம் சாமான்களை எடுத்துப் போய் அவர்கள் செய்த சமையல். சில இடத்தில் உப்பு கூடிவிட்டது என்றாலும் தின்னலாம்.

சண்டை கேம் கூட்டத்தையும் கதை கேம் கூட்டத்தையும் ஒரே பாயில் உட்கார வைப்பது கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33. 2025 ஏப்ரலில் வந்தது, பிரான்சின் மோன்பெல்லியேவில் ஒரு சிறிய குழு செய்தது, அந்த ஆண்டின் சிறந்த கேம் என்ற விருதையும் வாங்கியது. முறை வைத்துத்தான் ஆட வேண்டும். ஆனால் எதிரி அடிக்க வரும்போது சரியான கணத்தில் பட்டன் அமுக்கினால் தடுத்துத் திருப்பி அடிக்கலாம். என்ன செய்வது என்று முடிவு செய்ய யோசிப்பவன், தடுக்க விரல் வேகம் உள்ளவன் என்று கன்ட்ரோலரைக் கைமாற்றி ஆடலாம். வந்தபோதே பெரிய நிறுவனத்து கேம்களைவிட விலை குறைவு. சாவைப் பற்றிய கனமான கதை. பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

எல்டன் ரிங் என்று ஒருவன் விடாமல் கேட்கிறான். ஒரு பெட்டியில் ஒருவரே ஆட முடியும் கேம், இருந்தாலும் ஒரு சட்டம் வைத்தால் ஹாலுக்குப் பொருந்தும்: செத்தவன் கன்ட்ரோலரைக் கொடுக்கணும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை சாவீர்கள், எல்லாருக்கும் முறை வரும். வாசலைத் தாண்டியதும் குதிரையில் தங்கக் கவசத்தோடு ஒருவன் உலாத்துவான். அவனோடு மோத வேண்டாம், சுற்றிப் போங்கள். குதிரையும் கொஞ்சம் லெவலும் கிடைத்த பிறகு வந்து கணக்கைத் தீர்க்கலாம். லெவல் ஏற்றும்போது வாளின் வலுவைவிட உயிரின் அளவை முதலில் கூட்டுங்கள். செத்த இடத்தில் உங்கள் சம்பாத்தியம் கிடக்கும். போய் எடுக்குமுன் இன்னொரு முறை செத்தால் அது போயே போயிற்று. அண்ணன் சேர்த்ததைத் தம்பி தொலைத்துவிட்டு அடிவாங்கும் வீடுகளை நான் அறிவேன்.

நம்மவர் செய்ததும் உண்டு. பிளேஸ்டேஷன் 2 காலத்தில், 2009 இல், ஐதராபாத்தில் அனுமனை வைத்து ஒரு கேம் செய்தார்கள்; முதல் முயற்சி என்பதைத் தாண்டி அதில் சொல்ல ஒன்றும் இல்லை. 2020 இல் புனேக்காரர்கள் செய்த ராஜி, தம்பியைத் தேடிப் போகும் ஒரு கழைக்கூத்தாடிப் பெண்ணின் கதை; பார்க்க அழகு, அடிதடி சுமார். அம்மாவையும் டிவி முன்னால் உட்கார வைக்க வேண்டுமா? வெண்பா. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், 1988 இல் தொடங்கும் கதை, கிழிந்துபோன சமையல் புத்தகத்தைப் பார்த்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். 2023 இல் வந்தது, அடுத்த ஆண்டு பாஃப்டாவின் முதல் படைப்பு விருதை வாங்கியது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். புட்டுக்குடத்தில் எதை முதலில் வைப்பது என்று அந்த கேம் கேட்கும்போது பெரிய லெவல் ஆட்டக்காரர்கள் எல்லாம் முழிப்பார்கள், அம்மாதான் சொல்லித் தர வேண்டியிருக்கும்.

மழை வருகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கோடை இடி நம் பக்கம் சும்மா விடாது. இடி கேட்டதும் சேவ் செய்து, பெட்டியை அணைத்து, பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் போய் வரும் வீடுகளில் பெட்டியைத் தூங்கவிட்டு வைக்கும் வசதி வேண்டாம், முழுக்க அணையுங்கள். சூடான பெட்டிக்குள் எறும்பு குடியேறும். காற்றுத் துவாரங்களை அடிக்கடி பாருங்கள்.

இது வேலையாகுமா, போட்டிக்குப் போகலாமா என்று உங்களில் பெரியவர்கள் கேட்டீர்கள். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 இல், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 க்கு இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் என்ற இருவர் போனார்கள். தங்கம் வாங்கியவர் கொரியாவின் கிம் குவான்-வூ, வயது 44. 2026 இல் ஐச்சி-நகோயாவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் மூன்றையும் சேர்த்து ஒரு பிரிவாக அறிவித்திருக்கிறார்கள். வழி இருக்கிறது, சம்பளம் தரும் வழி அநேகமாக இல்லை. பிளஸ் டூ படிக்கிறவர்கள் அதை மனசில் வைத்துக்கொண்டு ஆடுங்கள். அந்த 44 வயதை நான் என் வீட்டில் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு, பெரிதாக எடுபடவில்லை.

டெக்கன் 7 டிஸ்க் ஒன்று என் கையில் சும்மா கிடக்கிறது. முதலில் வந்து கேட்கும் கூட்டத்துக்குக் கொடுப்பேன். வாவுபலி பொருட்காட்சி தொடங்குமுன் கீறல் இல்லாமல் திரும்பி வரவேண்டும். வாங்க வரும்போது இரண்டு பேராக வாருங்கள். முதலில் மூன்று ஆட்டம், என்னோடு. ஜெயிக்கிறவர் எப்படி என்று சொல்லிவிட்டுத்தான் எழும்பணும்.

அன்புடன்,
டெக்கன் 3 காலத்து அண்ணன்